வளர்ந்த விதமும் வளர்க்கும் விதமும்

சென்ற ஷவ்வால் மாதத்தில், நாம் பணியாற்றும் அரபிக் கல்லூரியின் ஹிஃப்ழுப் பிரிவில் சேர்ப்பதற்காகத் தம் பத்து வயது மகனை அழைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரைச் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், இதே வயதில் நம்மிடம் ஓதியவர். இப்போது துபாயில் வேலை பார்க்கிறார்; விடுப்பில் வந்திருந்தார். சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிட்டபின் மகனின் தோளைப் பிடித்து முன்னே நிறுத்தி, “கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க ஹஜ்ரத். என்னையும் நீங்க அப்படித்தானே ஆளாக்குனீங்க” என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அருகில் நின்ற சிறுவன் சிரிக்கவில்லை.

அன்றிரவு தாராசுரத்திலுள்ள நம் இல்லத்திற்குத் திரும்பிய பின்னும் அச்சொல் நம்மை விடவில்லை. அவரை நாம் அடித்தது உண்மை. நம்மை நம் உஸ்தாத் அடித்ததும் உண்மை. அந்த உஸ்தாதை அடித்தவர் யாரென நமக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் இருந்திருப்பார். நன்றியோடு நினைவுகூரப்படும் ஓர் அடி, இன்னும் அடிபடாத ஒரு சிறுவனை நோக்கி நம் கண்முன்னே நகர்ந்து வந்ததைக் கண்டோம். மனிதன் தான் வளர்ந்த விதத்தை எவ்வாறு தன் பிள்ளை வளர்ப்பினுள் கொண்டு வருகிறான், அதிலிருந்து மீள வழியுண்டா என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தர்பிய்யத் என்னும் சொல்

பிள்ளை வளர்ப்பிற்கு அரபு மொழியில் ‘தர்பிய்யத்’ என்பர். வளர்தல், பெருகுதல் என்று பொருள்படும் ‘ரபா’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. வட்டியைக் குறிக்கும் ‘ரிபா’ என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. இட்டது இட்ட அளவில் நில்லாமல் பெருகும் என்னும் கருத்து இவ்விரு சொற்களுக்கும் பொதுவானது. பிள்ளையினுள் இடப்படும் அன்பும் அவ்வாறே பெருகும்; அச்சமும் அவ்வாறே பெருகும்.

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் பெற்றோருக்காக இறைஞ்சும்படி அல்லாஹ் நமக்குக் கற்றுத்தந்துள்ள துஆவை அறியாத முஸ்லிம் இல்லை. ஐவேளைத் தொழுகைக்குப் பின்னும் அதை ஓதுகிறோம். அதன் அமைப்பைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். பெற்றோருக்கு அருள் புரியுமாறு வேண்டும் அடியான், தான் சிறுவனாயிருந்தபோது அவர்கள் தன்னை வளர்த்ததை அதனோடு ஒப்புமைப்படுத்தி வேண்டுகிறான். வளர்ந்துவிட்ட ஒருவன், தாடி நரைத்துவிட்ட ஒருவன், நாள்தோறும் தன் சிறுவயதிற்குத் திரும்பிச் செல்லுமாறு பணிக்கப்படுகிறான். பால்ய நினைவு என்பது முடிந்துபோன கதையன்று, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே என்றும் நின்று நிலவும் கணக்கு என்பதை இத்துஆ உணர்த்துகிறது. அதை ஓதும்போது ஒருவனுக்குத் தாயின் மடி நினைவுக்கு வரலாம்; மற்றொருவனுக்குத் தந்தையின் இடைவார் நினைவுக்கு வரலாம். இருவரும் அதே சொற்களைத்தான் ஓதுகிறார்கள்.

ஆய்வாளர்கள் கண்டவை

இத்துறையில் கடந்த முக்கால் நூற்றாண்டாக நடந்துள்ள ஆய்வுகள் விரிவானவை. அவற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஆங்கிலேய உளநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990). உயர்குடி வழக்கப்படி அவர் செவிலியரிடம் வளர்ந்தார். தாயை நாளொன்றுக்குச் சிறிது நேரமே கண்டார். அவருக்கு நான்கு வயதாகும்போது, அவர் மிகவும் ஒட்டியிருந்த செவிலி வேலையை விட்டுச் சென்றுவிட்டார். தாயை இழந்ததற்கு ஒப்பான துயராக அதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்திற்காக 1951இல் அவர் அளித்த அறிக்கை, மருத்துவமனைகளும் அனாதை இல்லங்களும் குழந்தைகளை நடத்தும் முறையையே மாற்றியமைத்தது.

1975இல் அமெரிக்கரான செல்மா ஃபிரைபர்க்கும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். தன் கைக்குழந்தை வீறிட்டு அழுதும் அது காதில் விழாதவளைப் போல அமர்ந்திருந்த ஓர் இளம் தாயை அவர்கள் கண்டனர். அவள் கொடியவள் அல்லள். அவளுடைய சிறுவயதில் அவள் அழுகையை யாரும் கேட்டதில்லை. பழைய துயரத்தை அவள் வாய்விட்டுச் சொல்லி அழ இடங்கிடைத்தபோது, தானாகவே எழுந்து குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். அழைக்கப்படாமலே வந்து தொட்டிலருகில் நிற்கும் பழைய நிழல்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு என அவ்வாய்வாளர்கள் முடிவு கூறினர்.

இது இரத்தத்தில் வருவதா, பழக்கத்தில் வருவதா? கனடாவின் மாண்ட்ரீயல் நகரில் மைக்கேல் மீனி என்பாரின் குழுவினர் 1999இல் வெளியிட்ட எலி ஆய்வு இதற்கு ஒரு விடையைத் தருகிறது. தாய் எலிகளுள் சில குட்டிகளை அதிகம் நக்கிச் சீராட்டும். சில குறைவாகவே சீராட்டும். குறைவாகச் சீராட்டும் தாய்க்குப் பிறந்த பெண் குட்டிகளை அதிகம் சீராட்டும் தாயிடம் விட்டு வளர்த்தபோது, அவை தாமே தாயானபின் தம் குட்டிகளை மிகுதியாகச் சீராட்டின. பெற்ற தாயை அல்ல, வளர்த்த தாயையே அவை பின்பற்றின. எலியை வைத்து மனிதனை முற்றிலும் அளந்துவிட முடியாதெனினும், வளர்ப்பு முறை பிறப்பின் வழியன்றி வளர்ப்பின் வழியாகவே தலைமுறை கடக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

மூன்று வாயில்கள்

பால்ய அனுபவம் பெற்றோரின் நடத்தையினுள் நுழையும் வாயில்கள் மூன்று எனலாம்.

முதலாவது பழக்கம். பால் கொட்டிவிட்டால் என்ன சொல்வது, பொய் சொன்னால் என்ன செய்வது என்பவற்றை எந்தத் தந்தையும் நூலில் படித்துவிட்டு வருவதில்லை. சினம் எழுந்த நொடியில் சிந்தனைக்கு முன்பே கை முந்துகிறது. அந்தக் கைக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் அவனுடைய தந்தை. தன் வாயிலிருந்து தன் தந்தையின் குரல், அதே ஏச்சு, அதே தொனியில் வெளிப்படுவதைக் கேட்டுத் திகைக்காத பெற்றோர் குறைவு.

இரண்டாவது நியாயப்படுத்தல். இதுவே நுட்பமானது. ‘அத்தா அடித்தது தவறு’ என்று ஒப்புக்கொள்வது ஒரு மகனுக்கு எளிதன்று. அது தந்தையைக் குறை கூறுவதாகத் தோன்றுகிறது. ஆகவே, ‘அடித்ததனால்தான் நான் உருப்பட்டேன்’ என்று சொல்லித் தந்தையின் கண்ணியத்தைக் காக்கிறான். அச்சொல்லை மெய்ப்பிப்பதற்காகவே தன் மகனையும் அடிக்க வேண்டியவனாகிறான். அடியாத மாடு படியாது என்னும் பழமொழி இதற்குத் துணை நிற்கிறது. பிள்ளை மாடன்று என்பதை அப்பழமொழி கருதுவதில்லை.

மூன்றாவது எதிர்த்திசை. ‘நான் பட்டது என் பிள்ளை படக்கூடாது’ என உறுதி பூண்டு, மறுப்பென்பதையே அறியாமல் பிள்ளையை வளர்ப்பது. பார்வைக்கு இது முதலிரண்டிற்கும் நேர்மாறானது. ஆயினும் இங்கும் தந்தையின் கண் எதிரிலுள்ள பிள்ளையின் மீது இல்லை. பழைய சிறுவனாகிய தன் மீதே இருக்கிறது. இப்பிள்ளைக்கு எது தேவை என்பதைக் காட்டிலும் தனக்கு எது கிடைக்கவில்லை என்பதே வளர்ப்பைத் தீர்மானிக்கிறது.

சபுராளிகளின் இல்லங்கள்

காவிரிப் படுகை முஸ்லிம்களாகிய நமக்கு இப்பொருள் தனியொரு முறையில் நெருக்கமானது. இராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களின் வரலாறு சபர் சென்ற ஆண்களின் வரலாறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் என நம் முன்னோர் கடல் கடந்தனர். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது பலர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பினர்; 1962க்குப் பின் அந்நாட்டில் ஏற்பட்ட ஆட்சி மாற்றம் எஞ்சியோரில் பலரை வெறுங்கையோடு அனுப்பியது. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் பயணத்தின் திசை வளைகுடாவை நோக்கித் திரும்பியது. 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, இம்மாநிலத்தவர் சுமார் 22 இலட்சம் பேர் வெளிநாடுகளில் வாழ்வதாக மதிப்பிட்டது.

இவ்வரலாற்றைப் பணக் கணக்காக எழுதியவர் பலர். அதனுள் வளர்ந்த பிள்ளைகளின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஈராண்டுக்கு ஒரு முறை இரண்டு மாதம் வந்து போகும் அத்தா, பிள்ளைக்கு ஒரு விருந்தாளி. மற்ற நாள்களில் அவர் ஒரு பெயர்: “அத்தா வரட்டும், சொல்றேன் பாரு” என்று தாய் அச்சுறுத்தப் பயன்படும் பெயர். வந்திறங்கும்போது அவர் ஒரு பெட்டி. அதனுள் சட்டைத் துணியும் பேனாவும் மிட்டாயும் இருக்கும். எண்பதுகளில் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பினர். குடும்பமே கூடியமர்ந்து அந்தக் குரலைக் கேட்டது. இன்று கைப்பேசித் திரையில் முகமும் தெரிகிறது. எனினும் திரையினூடே பிள்ளையின் தலையைத் தடவ இயலாது.

இத்தந்தையரை நாம் குறை கூறவில்லை. பாலைவன வெயிலிலும் எட்டுப் பேர் தங்கும் அறையிலும் அவர்கள் கழித்த ஆண்டுகளின் பயனே இவ்வூர்களின் வீடுகளும் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும். ஆனால் அன்பு என்றால் அனுப்பி வைப்பது என்று கற்றுக்கொண்டு வளர்ந்த மகன், தானும் தந்தையானபின் அன்பை அனுப்பியே வைக்கிறான். உள்ளூரிலேயே தொழில் செய்தாலும் அவனுக்குப் பிள்ளையோடு அமர்ந்து பேசத் தெரிவதில்லை. பொருள் வாங்கிக் கொடுக்கத் தெரிகிறது. விலகி நிற்பவரே தந்தை என்பது அவன் மனத்தில் பதிந்த சித்திரம். எதிரே அமர்ந்து கதை பேசும் ஒரு தந்தையை அவன் கண்டதில்லை.

நினைவே மருந்து

அப்படியாயின் விதி முடிந்ததா? இல்லை என்பதற்கு ஆய்வும் மார்க்கமும் ஒருசேரச் சான்று பகர்கின்றன.

சிறுவயதில் கொடுமைக்குள்ளானோர் எத்தனை பேர் தாமும் அவ்வாறே நடக்கின்றனர் என்னும் ஆய்வுகளை, 1987இல் ஜோன் காஃப்மன், எட்வர்ட் ஸிக்லர் ஆகிய இருவரும் தொகுத்து ஆராய்ந்தனர். ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. பொதுமக்களிடையே காணப்படுவதைவிட இது பன்மடங்கு அதிகம்தான். ஆயினும் மூவரில் இருவர் அச்சங்கிலியை அறுத்துவிடுகிறார்கள் என்பதும் அதே கணக்கில் அடங்கியுள்ளது.

அறுப்பவர்களிடம் காணப்படுவது யாது? எண்பதுகளில் மேரி மெயின் என்பாரும் அவர் சகாக்களும் பெற்றோரை அமரவைத்து அவர்தம் பால்யத்தைப் பற்றி நெடுநேரம் வினவினர். சிறுவயது இனிதாயிருந்ததா, கடிதாயிருந்ததா என்பதைவிட, அதை அவர்கள் எவ்வாறு எடுத்துரைக்கிறார்கள் என்பதே அவர்களுடைய பிள்ளைகளின் நிலையோடு ஒத்துச் சென்றது. நடந்ததை மறைக்காமல், மிகைப்படுத்தாமல், கோவையாகச் சொல்ல வல்லவரின் பிள்ளை, அவர் பட்டது கடுந்துயரேயாயினும், தாய் தந்தையரிடம் நிம்மதியாக ஒட்டிக்கொண்டது. ‘எல்லாம் நன்றாகத்தான் இருந்தது’ என்று ஒரே வரியில் கடந்து செல்பவரின் பிள்ளை விலகி நின்றது. இலண்டனில் பீட்டர் ஃபோனகியின் குழுவினர், கருவுற்றிருந்த சுமார் நூறு பெண்களிடம் இவ்வாறே வினவி, பிறக்கப்போகும் குழந்தை ஓராண்டுக்குப் பின் தாயிடம் எவ்வாறு ஒட்டும் என்பதை நான்கில் மூன்று பங்கு சரியாக முன்னுரைத்தனர். 1991இல் அது வெளியாயிற்று.

இம்முடிவைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது ளுஹா அத்தியாயம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தவர்கள். அந்த அனாதைப் பருவத்தை அல்லாஹ் அவ்வத்தியாயத்தில் மறக்கச் சொல்லவில்லை; எடுத்துக்காட்டி நினைவுபடுத்துகிறான். நினைவுபடுத்திய கையோடு, அனாதையைக் கடிந்து ஒடுக்க வேண்டாம் என்று கட்டளையிடுகிறான். பட்ட துயரை மறுப்பதிலிருந்து கருணை பிறப்பதில்லை. அதை முகங்கொடுத்து நினைப்பதிலிருந்தே பிறக்கிறது. தமக்குப் பத்துப் பிள்ளைகள் உண்டு, ஒருவரையும் தாம் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ இப்னு ஹாபிஸ் (ரலி) பெருமிதத்தோடு கூறியபோது, இரக்கம் காட்டாதவன் இரக்கம் காட்டப்படமாட்டான் என்னும் கருத்தை நபியவர்கள் எடுத்துரைத்தார்கள். ஒரு முத்தமும் தராத அந்தத் தந்தையின் சிறுவயது எத்தகையதாயிருந்ததோ, நாமறியோம். அதைத் தொடர வேண்டியதில்லை என்பதே அன்று அவர் பெற்ற பாடம்.

பிரம்பும் மரபும்

ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் அதற்காக அடியுங்கள் என்னும் நபிமொழியை இங்கு வாசகர் நினைவூட்டக்கூடும். அதன் நடுவே மூன்று ஆண்டுகள் உள்ளன. நாளொன்றுக்கு ஐந்து என்று கணக்கிட்டால், பிறைக் கணக்கில் ஐயாயிரத்து முந்நூறு அழைப்புகளுக்குப் பின்னரே அந்த அனுமதி வருகிறது. அப்போதும் காயப்படுத்தாத அடி, முகத்தைத் தவிர்த்த அடி என்று ஃபுகஹாக்கள் வரம்பிட்டனர். நபியவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் அடித்ததில்லை என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சான்று. ஐயாயிரம் முறை அன்போடு அழைத்துவிட்டு வருபவரே இந்நபிமொழியை எடுத்துக்காட்டத் தகுதியுடையவர். நாமோ ஐந்தாவது முறையிலேயே பிரம்பைத் தேடினோம்.

இளமையிலேயே தந்தையை இழந்து, சூஃபி ஒருவரின் பராமரிப்பில் விடப்பட்டு, கைப்பொருள் தீர்ந்தபின் உணவுக்காகவே மதரஸாவில் சேர்க்கப்பட்டவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111) அவர்கள். இஹ்யாவில் பிள்ளைகளைப் பயிற்றுவித்தல் பற்றி எழுதும்போது, குழந்தையின் உள்ளத்தை விலைமதிப்பற்ற மணிக்கு ஒப்பிட்டார்கள். ஓதி முடித்தபின் விளையாட விட வேண்டும், இல்லையேல் அதன் உள்ளம் செத்துவிடும் என எச்சரித்தார்கள். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், மாணவர்மீது கடுமை காட்டுவதன் கேட்டிற்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார். வன்மையால் வளர்க்கப்படுபவன் பொய்யையும் சூழ்ச்சியையும் கற்றுக்கொள்கிறான், நாளடைவில் அதுவே அவன் இயல்பாகிவிடுகிறது என்பது அவர் வாதம். மூன்று அடிக்கு மேல் கூடாதென்னும் இப்னு அபீ ஸைத் அல்கைரவானியின் வரம்பையும் அவர் எடுத்தாள்கிறார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் நம் மரபே இதை எழுதி வைத்திருக்க, நம் மக்தபுகளில் பிரம்பு எங்கிருந்து இத்தனை உரிமை பெற்றது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் பள்ளிப் பிள்ளைகளை உடலாலும் உள்ளத்தாலும் துன்புறுத்துவதைத் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. அச்சட்டம் நம்மை விட்டுவிட்டது என்பதால் அல்லாஹ்வும் விட்டுவிட்டான் என்று பொருளாகாது.

ஒரு கடிதம்

மறுநாள் காலை அம்மாணவர் மகனின் பாய், தலையணை, பெட்டியோடு மீண்டும் வந்தார். அவரைத் தனியே அழைத்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அளவு மீறி அடித்தது நமக்கு நினைவிருப்பதாகவும், அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் கூறினோம். அவர் பதறி, “விடுங்க ஹஜ்ரத், ஓதாததுக்குத்தானே அடிச்சீங்க” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்தார். “அன்னைக்கு ஓதாம இல்ல ஹஜ்ரத். சவூதியிலேருந்து அத்தா லெட்டர் வந்திருந்துச்சு. கிதாபுக்குள்ள வெச்சுப் படிச்சிக்கிட்டிருந்தேன்.”

நமக்கு அது தெரியாது. அன்று நாம் கேட்கவுமில்லை. எப்போது வந்தானோ, பின்னால் நின்றிருந்த சிறுவன், “லெட்டர்ல ராதா என்னத்தா எழுதியிருந்தாங்க?” என்றான். பாட்டனாரை அவன் ராதா என்றே அழைப்பான். “பெருநாளைக்கு வர முடியலன்னு” என்றார் தந்தை. அவர் குரல் தழுதழுத்தது. நாற்பது வயதில் அதை அவர் முதன்முறையாகச் சொன்னார் என்று எண்ணுகிறோம். தோலை உரிப்பது பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. ஊர் திரும்புமுன் மூன்று நாள் மாலையிலும் வந்து, மகனோடு முற்றத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

தாராசுரத்துக் குழித்தறிகளில், பழைய பாவு முடியும் தறுவாயில் புதிய பாவின் இழைகளை அதன் நுனியில் ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். பழையதை வெட்டியெறிந்துவிட்டுத் தொடங்குவதில்லை. ஆனால் பிணைக்கும் விரல்கள் அறுந்த இழையைக் கண்டு ஒதுக்குகின்றன. பெற்றோரும் ஆசிரியரும் செய்யவேண்டுவது இதுவே. நம் முன்னோர் நமக்குத் தந்தவற்றுள் எது அருள், எது வலி என்று பிரித்தறிய வேண்டும். அருளுக்கு நன்றி செலுத்த வேண்டும். வலியை வலி என்று ஒப்புக்கொள்வது அவர்களை அவமதிப்பதாகாது. அவர்களும் யாரோ அடித்த பிள்ளைகளே என்றுணர்ந்து அவர்களுக்காக இறைஞ்சலாம். பிள்ளையிடம் சினந்து தவறிவிட்டால் அதனிடம் வருத்தம் தெரிவிப்பதில் தந்தைக்கு இழுக்கில்லை. அடிப்பதற்கு முன் ‘என்ன நடந்தது’ என்று ஒரு முறை கேட்பதற்கு அதிக நேரம் ஆகாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நாம் அதைக் கேட்டிருக்கலாம்.

நம் ஹிஃப்ழு வகுப்பில் இப்போது பிரம்பு இல்லை. நம் பிள்ளைகளும் மாணவர்களும் ஒருநாள் தாடி நரைத்து, தொழுகைக்குப் பின் கையேந்தி, தாம் சிறுவராயிருந்த காலத்தை நினைவூட்டிப் பெற்றோருக்காக அதே துஆவை ஓதுவார்கள். அவ்வேளையில் அவர்கள் நினைவுக்கு வரப்போவது எது என்பதை இன்று நாம் முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.